எனர்ஜி ஸ்டார் மேனுஃபேக்சர்டு ஹோம்: சலுகைப் பணம் யாருக்கு?

அமெரிக்காவில் மேனுஃபேக்சர்டு ஹோம், அதாவது தொழிற்சாலையில் செய்து இடத்துக்குக் கொண்டுவந்து நிறுவும் வீடு வாங்குபவர்கள் பலர், '2,500 டாலர் வரிச்சலுகை உண்டு' என்று டீலர் சொன்னதும் அது தங்கள் வரிக்கணக்கில் கழியும் என்று நம்பிவிடுகிறார்கள். கழியாது. மத்திய வரிச்சட்டத்தின் 45எல் பிரிவில் வரும் இந்தச் சலுகை வீட்டைச் செய்த தொழிற்சாலைக்குரியது. 8908 படிவத்தை நிரப்புவதும் அவர்கள்தான். ஆற்றலைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வீட்டுக்கான எனர்ஜி ஸ்டார் சான்றுக்கு 2,500, அதைவிடக் கடுமையான ஜீரோ எனர்ஜி ரெடி சான்றுக்கு 5,000 டாலர். அதில் உங்களுக்கு எவ்வளவு வரும் என்பது முழுக்கப் பேரம். 'விலையிலேயே சேர்த்தாச்சு' என்றால், அதே மாடலுக்கு எனர்ஜி பேக்கேஜ் (ஆற்றல் சிக்கன வசதிகள்) இல்லாத விலையையும் எழுதிக் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும்.

2025-இல் வந்த சட்டப்படி, 2026 ஜூன் 30-க்குப் பின் வாங்கிய வீட்டுக்கு 45எல் கிடையாது. முன்பணம் கட்டிய தேதியைக் காட்டித் தப்ப முடியாது. பழைய வீட்டில் ஹீட் பம்ப் (வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் உதவும் கருவி), ஜன்னல் மாற்றுவோருக்கு இருந்த 25சி சலுகையும் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது.

மிச்சமிருப்பது மின் நிறுவனங்களும் மாநிலத் திட்டங்களும் தரும் தள்ளுபடி. தொகை ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் வாங்கும் முன்பே ஒப்புதல் பெற வேண்டும்; பில் போட்ட பிறகு போய் நின்றால் விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள். கேட்கும் ஆதாரங்கள் பெரும்பாலும் இவைதான்: பில், ஹீட் பம்பின் வெளி யூனிட், உள் யூனிட் இரண்டின் மாடல் எண்கள், வீட்டின் தயாரிப்பு விவரம் உள்ள டேட்டா பிளேட்டின் படம், வெளிச்சுவரில் உள்ள சிவப்பு ஹட் (மத்திய வீட்டு வசதித் துறை) தகட்டின் எண். இரு பாதிகளாக வந்து இணையும் டபுள்வைடு வீட்டுக்கு இரண்டு தகடுகள்; ஒன்றை மட்டும் எழுதி அனுப்புவது வழக்கமான தவறு. டேட்டா பிளேட் வெறும் தாள்தான். சமையலறை அலமாரிக்குள்ளோ, மின் பேனல் அருகிலோ, படுக்கையறை அலமாரியிலோ ஒட்டியிருக்கும். பெயின்ட் அடிப்பவர் கை படும் முன் படம் எடுத்துவிடுங்கள்.

எனர்ஜி ஸ்டார் தொழிற்சாலையோடு முடிவதில்லை, நிறுவும் இடத்திலும் சரிபார்ப்பு உண்டு. அதிகம் சொதப்புவது கிராஸ்ஓவர் டக்ட், அதாவது இரு பாதிகளையும் வீட்டுக்கு அடியில் இணைக்கும் குழாய். குறைந்தது 1 அங்குல அகலப் பட்டையால், 4 அடிக்கு மிகாத இடைவெளியில் தொங்கவிட வேண்டும். அவசரத்தில் தரையிலேயே போட்டுவிட்டால் ஈரமும் எலியும் இன்சுலேஷனைத் தின்றுவிடும். இணைப்பு கழன்றால் சூடான காற்று முழுக்க வீட்டுக்கு அடியில்தான் போகும். பில் ஏறும்போது எல்லோரும் ஹீட் பம்பைத் திட்டுவார்கள். வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றி மூடும் ஸ்கர்ட்டிங் போட்ட பின் இந்தக் குழாய் கண்ணில் படாது. அதற்கு முந்தைய நாளே டார்ச்சோடு அடியில் நுழைந்து பாருங்கள்.