ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள்

நான் வேலை பார்த்த ஸ்டேஷன்களில் எல்லாம் பூட்டிய வீடுகளுக்கென்று ஒரு நோட்டு இருந்தது. வெளியூர் போகிறவர்கள் பெயர், முகவரி, எப்போது போய் எப்போது திரும்புகிறார்கள், அவசரத்துக்கு ஒரு நம்பர் என்று கொடுத்துவிட்டுப் போனால், இரவு ரோந்து போகிறவர்கள் அந்த வீட்டை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவார்கள். நல்ல ஏற்பாடுதான். துண்டுப் பிரசுரம், ஆட்டோ மைக், பள்ளிக்கூட விழா, குடியிருப்போர் சங்கக் கூட்டம் என்று எங்கே வாயைத் திறந்தாலும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. ஆனால் நோட்டைப் புரட்டினால் முக்கால்வாசி வெள்ளையாகத்தான் இருக்கும். எழுதியிருக்கிற சில பெயர்களும் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், தலைமையாசிரியர், இல்லையென்றால் யாரோ ஒரு போலீஸ்காரரின் மாமனார்.

மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை என்று மேலிடத்தில் சொல்வார்கள். உடனே இன்னொரு துண்டுப் பிரசுரம் அச்சாகும். காவலராகச் சேர்ந்து சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வுபெறும் வரை இந்தக் காகிதங்களைக் கொடுத்த கை என்னுடையது. பெண் போலீஸ் என்றால் விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு அனுப்பு என்பது எழுதாத விதி. அதனால் சொல்கிறேன், மக்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. ஸ்டேஷன் படியேற மனம் வரவில்லை, அவ்வளவுதான். வீட்டில் ஆள் இல்லை, பூட்டிக் கிடக்கிறது என்று போய்ச் சொல்ல வேண்டிய இடம் அதுவாக இருந்தால், சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றியது.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊர்க் கூட்டத்தில் இது எனக்கு நன்றாக உறைத்தது. வழக்கம்போல, "வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள்" என்றேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எங்க தாத்தனும் அப்படித்தான் தாயி சொல்லிட்டுப் போனாரு. சொல்லாமப் போனா உள்ள வச்சிருவான்ல" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னது குற்றப்பரம்பரைச் சட்டத்தை. அந்தப் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்றால்தான் தெரியும். ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்று வைத்து வெள்ளைக்காரன் போட்டது, 1871-ல் வட இந்தியாவில் தொடங்கி, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்த சட்டம். இந்தப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர்களை அதில் சேர்த்தபோது ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், இரவில் வந்து ஆஜர் கொடுத்துப் படுக்க வேண்டும், ஊரைத் தாண்டினால் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று பெருங்காமநல்லூர்க்காரர்கள் எதிர்த்து நின்றபோது துப்பாக்கிச் சூடு நடந்தது, 1920 ஏப்ரல் 3-ல். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ரத்தானது 1947-ல்தான். இந்த ஊரில் வந்து நின்றுகொண்டு, கிளம்பும்போது போலீசிடம் சொல்லிவிட்டுப் போங்கள் என்று மைக்கில் சொன்னால் அவர்கள் காதில் எப்படி விழும்? பயிற்சியில் எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

அன்றிலிருந்து நான் அந்த வரியை மாற்றிக்கொண்டேன். "பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், அவர்களிடம் ஸ்டேஷன் நம்பர் இருக்கட்டும்." இன்ஸ்பெக்டர் எதுவும் சொல்லவில்லை. பிரசுரத்தில் பழைய வரியே இருந்தது.

பக்கத்து வீடு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கன்னக்களவு வழக்கில் பிடிபட்டவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். பகலில் பழைய பேப்பர் வாங்குகிற மாதிரியோ அட்ரஸ் கேட்கிற மாதிரியோ ஒரு நடை. வெளியே தொங்குகிற பெரிய பூட்டு, கேட்டுக்குள் விழுந்து கிடக்கிற இரண்டு நாள் பேப்பர், பட்டப்பகலில் எரிகிற வாசல் லைட், கோலம் இல்லாத வாசல். எல்லா வாசலிலும் கோலம் நிறைந்திருக்கிற மார்கழியில் ஒரு வாசல் மட்டும் காய்ந்து கிடந்தால் அவனுக்கு வேறு தகவல் வேண்டாம். இதை எல்லாம் சரிசெய்ய ரோந்து போலீசால் முடியுமா? எதிர்வீட்டு அக்கா காலையில் தன் வாசலோடு அந்த வாசலிலும் தண்ணீர் தெளித்து நாலு புள்ளி வைத்தால் போதும். பேப்பரையும் பாலையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, வெளியே தொங்காத பூட்டாகப் போட்டுவிட்டுப் போனால் இன்னும் நல்லது. செருப்பு ஸ்டாண்டிலும் மீட்டர் பெட்டியிலும் பூந்தொட்டிக்கு அடியிலும் சாவி வைக்கிற பழக்கம் நமக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் பீரோ. திருட்டு நடந்த வீட்டுக்குள் போனால் பின்கதவு கடப்பாரையால் நெம்பப்பட்டு நாதாங்கி தொங்கும். ஆனால் பீரோவில் ஒரு கீறல் இருக்காது. சாவி அதன் தலைமேலேயே இருந்திருக்கும், இல்லையென்றால் துணி அடுக்குக்குக் கீழே. அந்த நேரத்தில் அந்த அம்மாவிடம் போய், "சாவியை எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. நகைகளைப் போட்டோ எடுத்து வையுங்கள், கடை பில்லைத் தூக்கிப் போடாதீர்கள் என்பதை மட்டும் எந்தப் பிரசுரமும் போதுமான எழுத்தில் சொல்வதில்லை. திருட்டு நகை கிடைத்தாலும் அது உங்களுடையதுதான் என்று கோர்ட்டில் காட்ட வேண்டாமா?

கேமரா பற்றியும் கேட்பார்கள். சென்னையில் மூன்றாவது கண் என்று பெரிய அளவில் ஆரம்பித்து, பிறகு எல்லா ஊரிலும் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. ஆளைப் பிடிக்க அதைப் போல உதவி கிடையாது, மறுக்க மாட்டேன். ஆனால் பதிவாகும் பெட்டியை ஹாலில் டிவிக்குக் கீழே வைத்தால் வருகிறவன் அதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போகிறான்.

எனக்குக் கடைசிவரை பிடிக்காத வரி, "சந்தேகப்படும்படியான நபர்களைக் கண்டால் தகவல் தாருங்கள்." வருகிற தகவல்களைக் கேட்டால் தெரியும். இந்தி பேசுகிற கட்டட வேலைக்காரர், ஊசி பாசி விற்கிற நரிக்குறவர், அழுக்குச் சட்டைக்காரர். நல்ல பைக்கில் கூலிங் கிளாஸ் போட்டு வந்து செயினை அறுக்கிறவனைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொன்னதில்லை. யார் என்று சொல்லாதீர்கள், என்ன செய்தார் என்று சொல்லுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் பலன் இருந்தது, கொஞ்சம்தான்.

திருவிழா டூட்டி மட்டும் எனக்குப் பிடிக்கும். சித்திரைத் திருவிழாவோ ஏதாவது ஒரு கும்பாபிஷேகமோ, பெண் போலீஸ் கையில் ஒரு டப்பா நிறைய ஊக்கு இருக்கும். கூட்டத்தில் வருகிற பெண்களை நிறுத்தி, முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, தாலிச் சங்கிலியையும் சேலையையும் சேர்த்து ஊக்கு குத்தி அனுப்ப வேண்டும். பிரசுரம் கொடுத்தால் மடித்து விசிறிக்கொள்வார்கள். ஊக்கு குத்தினால் நின்று பேசுவார்கள். "ஏட்டம்மா, என் மருமகளுக்கும் ஒண்ணு குத்தி விடு" என்பார்கள். சில அப்பத்தாக்கள் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டுப் போவார்கள். காக்கிச் சட்டை போட்ட ஒருத்தி கழுத்துப் பக்கம் கை கொண்டுபோக, எந்தப் பதற்றமும் இல்லாமல் நின்று கொடுப்பார்கள். அந்த நம்பிக்கை பெரிது.

அதே விழாவில் மைக்கில் இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும். "பக்தர்கள் தங்கள் பணம், நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்." இந்த அறிவிப்பு முடிந்ததும் கூட்டத்தைப் பாருங்கள். ஆண்கள் கை தானாகப் போய்ப் பாக்கெட்டைத் தொட்டுவிட்டு வரும். பெண்கள் இடுப்புச் சுருக்குப்பையைத் தடவுவார்கள். எதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பிக்பாக்கெட்காரனுக்கு நாங்களே மைக் வைத்துக் காட்டிக் கொடுத்த மாதிரி. பழைய கிரைம் ஏட்டு ஒருவர்தான் இதை எனக்குக் காட்டினார். அறிவிப்பு நேரத்தில் அவர் மேடையைப் பார்க்க மாட்டார், பாக்கெட்டைத் தொடாமல் மற்றவர்களின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் யார் என்று தேடுவார்.

நாங்கள் சொல்லும் அறிவுரை திருடன் கைக்கும் போகும் என்பது அங்கேதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. முழுதாகப் புரிந்தது ஒரு காகிதப் பொட்டலத்தில்.

கோயிலுக்குப் போய்விட்டுத் தனியாக நடந்து வந்த ஒரு வயதான அம்மா. இரண்டு பேர் பைக்கை நிறுத்தியிருக்கிறார்கள். காக்கி பேன்ட், ஒட்ட வெட்டிய முடி. "போலீஸ்மா. அந்தத் தெருவுல இப்பத்தான் ஒரு அம்மாவ வெட்டி நகையப் பறிச்சுட்டான். இப்படியா நகையப் போட்டுக்கிட்டுத் தனியா வர்றது? கழட்டிப் பையில வைங்க." ஒருவன் அக்கறையாகப் பேப்பரில் மடித்தும் கொடுத்திருக்கிறான். வீட்டில் போய்ப் பிரித்திருக்கிறார். ஸ்டேஷனுக்கு அந்தப் பொட்டலத்தை அப்படியே முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். மேஜைமேல் அவிழ்த்தார். தினசரிப் பேப்பரின் கால் பக்கம், அதற்குள் மூன்று ஜல்லிக்கல், உடைந்த கவரிங் வளையல் ஒன்று. கனம் சரியாக இருக்க வேண்டும் என்று யோசித்துத்தான் கல்லைப் பொறுக்கியிருக்கிறான். அவர் திட்டவில்லை, அழவும் இல்லை. "நீங்க சொல்ற மாதிரியேதான சொன்னாங்க" என்றார்.

உண்மைதான். தனியாகப் போகும்போது நகை போடாதீர்கள் என்பது எங்கள் பிரசுரத்தில் இரண்டாவது வரி. அவன் அதை எங்கள் குரலிலேயே சொன்னான். போலீஸ் அதட்டினால் எதிர்த்துக் கேட்கக் கூடாது என்று அந்த அம்மாவுக்கு யார் பழக்கியது? அவனா?

இப்போது நடக்கிற டிஜிட்டல் அரெஸ்ட்டும் இதேதான். பைக் இல்லை, வீடியோ கால். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மில் குற்றம், மும்பை போலீஸ் பேசுகிறோம், சிபிஐ பேசுகிறோம் என்று ஆரம்பிப்பான். பின்னால் ஒரு ஸ்டேஷன் செட்டு, சீருடை, முத்திரை போட்ட கடிதம். போனை வைக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, மகனிடம்கூடச் சொல்லக் கூடாது, பணத்தைச் சரிபார்ப்புக்காக இந்தக் கணக்குக்கு மாற்று என்பான். ஏமாறுகிறவர்கள் படிக்காதவர்கள் இல்லை. டாக்டர், பேராசிரியர், வாழ்நாள் முழுவதும் சட்டப்படி நடந்த பென்ஷன்காரர்கள். படிப்பு அவர்களிடம் இருக்கிறது, போலீஸ் பயம் அதைவிட அதிகமாக இருக்கிறது. அந்தப் பயத்தை அவன் உண்டாக்கவில்லை. நாங்கள் ஊன்றி வளர்த்தது, அவன் அறுத்துக்கொண்டு போகிறான்.

போலீசுக்கும் மக்களுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக் குறைக்க யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய போலீஸ் நண்பர்கள் குழு மாநிலம் முழுக்கப் பரவியது. எங்களோடு ரோந்துக்கு வந்த பையன்கள் பலர் நல்ல பையன்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது அந்தக் குழுவின் பெயரும் அடிபட்டது. ஜூலையில் அரசு தடை செய்தது. அந்த மாதங்களில் எந்தக் கூட்டத்திலும் என்னால் நிமிர்ந்து பேச முடியவில்லை. ஊக்கு குத்தக் கழுத்தை நீட்டியவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எந்தப் பிரசுரத்திலும் பதில் இல்லை.

ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஒன்றிரண்டு ஆண்டுகளில் நான் கூட்டங்களில் பூட்டு, பீரோ எல்லாம் சுருக்கமாக முடித்துவிட்டு இதைத்தான் விரிவாகப் பேசினேன். வீடியோ காலில் கைது செய்ய இந்த நாட்டில் சட்டம் கிடையாது. சூரியன் மறைந்தபின் விடிவதற்குள் ஒரு பெண்ணைக் கைது செய்ய வேண்டுமென்றால் அசாதாரணமான காரணம் வேண்டும், பெண் அதிகாரி வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டப்படி பெண்களையும் அறுபது வயது தாண்டிய ஆண்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது, நாங்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற நம்பருக்குப் பேசுங்கள். அந்தப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பேங்க்கில் நிறுத்தி வைக்க வழி உண்டு. போலீஸ் என்று யார் போன் பண்ணினாலும் வைத்துவிடுங்கள், நான் பண்ணினாலும் வைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போய் உண்மையா என்று கேளுங்கள்.

ஒரு கூட்டம் முடிந்து ஜீப்பில் திரும்பும்போது இளம் எஸ்.ஐ. ஒருவர் கேட்டார்: "இப்படிச் சொல்லிக் கொடுத்தா, நாளைக்கு நாம நெசமாவே கூப்பிட்டா எவன்மா வருவான்?"

"நீங்க நேர்ல போங்க சார்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "அதுக்கு ஆள் எங்கம்மா இருக்கு, இருக்கிற ஸ்ட்ரென்த்துல பாதி பந்தோபஸ்துக்கே போயிடுது" என்றார். அதுவும் நியாயம்தான். அடுத்த வாரக் கூட்டத்தில் அவரே மைக்கை வாங்கி, தன் அடையாள அட்டையை எடுத்து முன்வரிசையில் இருந்தவர்களிடம் கொடுத்தார். "போலீஸ்னு யார் வந்தாலும் இதைக் கேளுங்க, நம்பரைக் குறிச்சுக்குங்க. கேட்டா யாரும் கோவிச்சுக்கக் கூடாது. கோவிச்சுக்கிட்டா அவன் போலீஸ் இல்ல." பின்வரிசையில் இருந்து ஒரு குரல், "நெசப் போலீஸ்தான் சார் ரொம்பக் கோவிச்சுக்கிறாங்க" என்றது. கூட்டமே சிரித்தது, இந்த முறை நானும் சிரித்தேன். அவர் காதுவரை சிவந்துபோய், அட்டை திரும்பி வரும்வரை மைக்கைப் பிடித்தபடி நின்றிருந்தார்.