பத்து விநாடியில் பிடிபடாத துடிப்பு

நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு விடியுமுன் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போவது எனக்கு முப்பது வருஷப் பழக்கம். குலசேகரத்துக்கு மேலே ரப்பர்க்காடு. போன கார்த்திகையில் ஒருநாள் ஐம்பது மரம் தாண்டியிருக்கும், கோழிக்குஞ்சை உள்ளே பிடித்து வைத்த மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. மரத்தில் சாய்ந்து நின்றேன். முக்கால் மணி நேரத்தில் தானே அடங்கிற்று. வீட்டில் சொன்னால் வெப்ராளப்படுவாள் என்று சொல்லவில்லை. 61 வயது, பத்து வருஷமாக பிரஷர் மாத்திரை, சொல்லியிருக்கத்தான் வேண்டும்.

மூன்றாம் தடவை வந்தபோது ஒரு கிளினிக்குக்குப் போனேன். இசிஜி நார்மல். "கேஸ்தான்" என்று மாத்திரை எழுதினார்கள். அடுத்த வாரமும் அதே கதை. சாதாரண இசிஜி பதிவது ஏறக்குறைய பத்து விநாடிதான் என்பது பிறகுதான் தெரியும். எனக்கு வருவது விடியற்காலையில், நான் அங்கே படுப்பதோ பத்து மணிக்கு.

லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டு நர்ஸ் பிள்ளைதான் வழி சொன்னாள். "பெருவிரல் வேண்டாம் மாமா, அதுலயே துடிப்பு உண்டு. மத்த ரெண்டு விரலை மணிக்கட்டுல வச்சு முழு நிமிஷமும் எண்ணுங்க. எத்தனைன்னு மட்டும் போதாது, தாளம் ஒழுங்கா இருக்கான்னும் எழுதுங்க."

பழைய பால்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தினமும் எழுதினேன். சும்மா இருக்கையில் 60 முதல் 100 வரை இருக்கலாமாம். எனக்கு 70, 74. எட்டாம் நாள் காலையில் வந்தது. எண்ணினேன், 104. இரண்டு அடி நெருக்கி, ஒன்று தள்ளி, அடுத்தது இல்லவே இல்லை. மகன் அனுப்பிய வாட்ச்சும் கையில்தான் இருந்தது. வேர்வையிலும் கத்தி இழுக்கும் அசைவிலும் அது காட்டிய எண்ணை நான் நம்பவில்லை.

அந்த நோட்டோடு நாகர்கோவிலில் இருதய டாக்டரிடம் போனேன். நோட்டை முழுக்கப் படித்தார். எக்கோ என்கிற இதய ஸ்கேன், தைராய்டு ரத்தப் பரிசோதனை, பிறகு நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவி. நெஞ்சு முடியைச் சிரைத்து வயர்களை ஒட்டி, இடுப்பில் சின்னப் பெட்டியைத் தொங்கவிட்டார்கள். 24 மணி நேரம் குளிக்கக் கூடாது. நெஞ்சு அடித்தால் பட்டனை அமுக்கி, நேரத்தைக் குறிக்கணும். "வழக்கமா என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க" என்றார்கள். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்; நான் பால்வெட்டப் போனேன். வேர்வையில் ஓர் ஒட்டு விட்டுப்போக, அவர்கள் தந்திருந்த பிளாஸ்டரை வைத்து அழுத்தினேன்.

பிடிபட்டது. ஒருநாளில் லட்சத்துக்கு மேல் துடிப்பு, அதில் விடியற்காலை 4.40 முதல் 5.25 வரை தாறுமாறு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பேர். அந்த நேரத்தில் இதயம் 140 வரை ஓடியிருக்கிறது. நான் கையில் எண்ணிய 104 பற்றிக் கேட்டேன். அவசரத்தில் அடிக்கும் சில துடிப்புகளுக்கு மணிக்கட்டு வரை வர வலு இருக்காதாம். தூக்கத்தில் 48 என்று இருந்ததுதான் எனக்குப் பயம். உறக்கத்தில் அப்படிக் குறைவது சகஜம் என்று அதைத் தள்ளிவிட்டார்.

இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கினால் ரத்தம் அங்கே தேங்கும், தேங்கினால் கட்டியாகும், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். படம் வரைந்து காட்டினார். எனக்குப் படமே வேண்டாம். சிரட்டையில் எடுக்காமல் விட்ட பால் மதியத்துக்குள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை தளர்ந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொன்னார். நெஞ்சுவலி, மயக்கத்துக்கும் அதேதான்.

இப்போது வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஒன்று காலையும் ராத்திரியும். இரண்டாவதை நானாக நிறுத்தக் கூடாது. கத்தி பிடிக்கிற தொழில் என்று டாக்டரிடம் முன்பே சொல்லிவிட்டேன். போன வாரம் பெருவிரலில் லேசாகப் பட்டதுக்கே துணியால் கால் மணி நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டிவந்தது. கையுறை வாங்கியிருக்கிறேன். அதைப் போட்டால் பட்டையின் ஆழம் கைக்குப் பிடிபட மாட்டேன் என்கிறது.