முத்துப்பட்டன் கதையை விடிய விடியக் கேட்ட இரவு

திருநெல்வேலிப் பக்கத்தில், தெய்வமாக வணங்கப்படும் முத்துப்பட்டனான பட்டவராயனுக்குப் பீடம் உள்ள ஒரு கோயிலின் கொடை விழாவில், வில்லுப்பாட்டுக் குழுவின் தலைமைப் பாடகரான, எழுபது வயதைக் கடந்த அண்ணாவி ஒருவர் முத்துப்பட்டன் கதையை வில்லில் பாடக் கேட்டேன். நகரத்து மேடைகளில் அரை மணி நேரத்துக்குச் சுருக்கிப் பாடப்படும் வில்லுப்பாட்டை மட்டுமே அதுவரை அறிந்திருந்த எனக்கு, இந்தக் கலையின் உயிர் அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் இருக்கிறது என்பது அன்றுதான் புலப்பட்டது.

காப்பு, குருவடி வணக்கம், அவையடக்கம் என்று முறையாகத் தொடங்கியபோது அவருடைய குரல் தளர்ந்தே இருந்தது. மேல்சுருதியை எட்ட முடியாத இடங்களில் அடியின் பாதியை மட்டும் பாடி நிறுத்துவார். மீதியைப் பின்பாட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். குடத்தின் வாயில் பத்தி என்னும் தட்டுமட்டை விழும் அடியும், உடுக்கையும், வீசுகோல் பட்டு வில்லின் மணிகள் குலுங்கும் ஓசையும் சேர்ந்து அந்த இடைவெளியை நிரப்பிவிடும். குரலில் இழந்ததை அவர் வசனத்தில் ஈடுகட்டினார் என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போட, கதை சொல்வது ஊராரோடு பேசுவதாகவே மாறிவிடுகிறது.

பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரியரை மணக்க விரும்பும் பிராமணனான முத்துப்பட்டனிடம், செருப்புத் தைக்கும் தொழில் செய்யும் அவர்களுடைய தந்தை வாலப்பகடை, பூணூலை அறுத்துக் குடுமியைக் களைந்து தன் தொழிலையும் கற்று வரச் சொல்லும் பகுதியை அண்ணாவி மிக நிதானமாகப் பாடினார். தோலைப் பதப்படுத்துவதையும் செருப்புத் தைப்பதையும் அவர் வேலை வேலையாக விரித்துச் சொல்லச் சொல்ல, சாதியைத் துறப்பதென்பது ஒரு சொல்லில் முடிந்துவிடாமல், கையும் உடலும் பழகிக்கொள்ள வேண்டிய உழைப்பாக நம் கண்முன் நிற்கிறது. சுருக்கிப் பாடும்போது முதலில் வெட்டப்படுவது இந்தப் பகுதிதான் என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

மாடுகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டுப் பட்டன் மடியும் கட்டம் நள்ளிரவுக்குப் பின் வந்தது. அதுவரை இழுத்துப் பிடித்திருந்த தாளத்தை அவர் சட்டென்று விரைவுபடுத்தியதும், கூட்டத்தில் ஒருவருக்கு அருள் வந்தது. அண்ணாவி பாட்டை நிறுத்தவில்லை. சாமியாடியின் முகத்தைப் பார்த்தபடியே அடிகளைத் திரும்பத் திரும்பப் பாடி, ஆட்டம் அடங்கும்வரை கதையை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார். எந்த அடியை எவ்வளவு நேரம் நீட்டுவது என்னும் அந்தக் கணிப்பை ஏட்டிலிருந்து படித்துக்கொள்ள முடியாது. பல்லாண்டுகள் கொடைகளில் உட்கார்ந்து பாடியவருக்கே அது கைவரும்.

வானொலியிலும் மேடைகளிலும் வில்லுப்பாட்டைப் பரப்பிய சுப்பு ஆறுமுகம் 2021-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதைப் பெற்றார். அவருடைய பணியால்தான் என் போன்றவர்களுக்கு இந்தக் கலையே அறிமுகமாயிற்று. ஆனால் கோயில் முற்றத்து வில்லுக்கு, விருதைவிட, ஊர் விட்டுக்கொடுக்கும் இரவுதான் தேவைப்படுகிறது. கொடைக்குத் திட்டமிடும், கோயிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர்கள், இன்னிசைக் கச்சேரிக்காக வில்லின் நேரத்தைக் குறைக்காமல், காப்பு முதல் முடிவில் வாழ்த்திப் பாடும் வாழி வரை ஒரு முழுக் கதையையாவது இந்த மூத்த அண்ணாவிகளைப் பாடவிட வேண்டும். அருகில் இளையவர்கள் பின்பாட்டுக்கு உட்காரவும் வேண்டும்.