இறங்கிய அன்றே கார் சாவியை வாங்காதீர்கள்: ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து கோமோ வரை

ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி, வாடகைக்குக் கார் எடுத்து, சுவிட்சர்லாந்தைக் கடந்து இத்தாலியில் இருக்கும் கோமோ வரை போய்வந்தோம். போகும்போது மட்டும் 600 கிலோமீட்டருக்கு மேல். கணவருக்கு ஓட்ட வராது, அதனால் முழுக்க நான்தான். தெரிந்தவர்கள் எல்லோரும் "வலது பக்கம் ஓட்டுறது கஷ்டமா?" என்றுதான் கேட்கிறார்கள். அது சீக்கிரமே பழகிவிடும். இறங்கிய சனி ஞாயிறை எப்படிக் கழித்தீர்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை, எனக்குச் சொல்ல இருப்பதே அதுதான்.

முதலில் காகிதங்கள். நம் ஊர் லைசென்ஸோடு இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் வேண்டும். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம், படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய். ஓராண்டுதான் செல்லும் என்பதால் ரொம்ப முன்னாலேயே எடுத்து வைக்க வேண்டாம். ஒரிஜினல் லைசென்ஸையும் கையோடு கொண்டுபோங்கள், பெர்மிட் மட்டும் இருந்தால் பிரயோஜனம் இல்லை. அப்புறம் கிரெடிட் கார்டு. பெரும்பாலான வாடகை நிறுவனங்கள் முன்பணத்தை ஓட்டுநர் பெயரில் உள்ள கார்டில்தான் பிடித்து வைக்கும். நம் வீடுகளில் கார்டு பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கும், ஓட்டுவது மனைவி என்றால் கவுண்டரில் அங்கேயே மாட்டிக்கொள்வோம். நான் இதற்காகவே என் பெயரில் ஒன்று வாங்கி, வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் வங்கி ஆப்பில் திறந்து வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

சனிக்கிழமை காலை இறங்கினோம். ராத்திரி முழுக்க அரைத்தூக்கம். ஜூன் மாதத்தில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், அதாவது அங்கே மாலை ஆறு மணியாகும்போது நம் உடம்புக்கு ஒன்பதரை. இந்த நிலையில் விமான நிலையத்திலிருந்தே நேராக ஆட்டோபானில், அதாவது ஜெர்மன் விரைவு நெடுஞ்சாலையில், ஏறுபவர்களை என்னவென்று சொல்வது! நாங்கள் எஸ்-பான் என்கிற புறநகர் ரயில் பிடித்து பக்கத்து ஊரான மைன்ஸ் போய்விட்டோம், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அன்றைய வேலை ரைன் ஆற்றங்கரையில் நடப்பதும், இருட்டும்வரை தூங்காமல் தாக்குப்பிடிப்பதும்தான். ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கிறது, அதுதான் சோதனை. நாளைக்கு வேண்டிய பால், ரொட்டி, பழத்தையும் அன்றே வாங்கிவிட வேண்டும், ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும்.

ஞாயிறு காலை விமான நிலையத்துக்குத் திரும்பிப் போய்க் காரை எடுத்தோம். கவுண்டரில் இருந்தவர் கூடுதல் இன்ஷூரன்ஸை விற்பதிலேயே குறியாக இருந்தார். ஏற்கெனவே கட்டியதன் தாளை நீட்டியதும் முகம் சுருங்கிவிட்டது, சரி, அது அவர் பாடு. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எடுத்துப்போகலாம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினேன். காரைச் சுற்றி, சக்கரத்து விளிம்பு உட்பட, வீடியோ எடுத்தோம். நம்பர் பிளேட் தெரிந்துவிட்டதால் சுவிஸ் நெடுஞ்சாலைக்கான விக்னெட் என்கிற கட்டண வில்லையையும் போனிலேயே வாங்கிவிட்டேன். 40 ஃபிராங்க், ஒரு நாள் போனாலும் அதே காசு. இப்போது மின்னணு முறையிலும் தருகிறார்கள், எண்ணோடு பதிவாகிவிடும், கண்ணாடியில் ஒட்டும் வேலை இல்லை.

ஞாயிறு என்பதால் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பார்க்கிங் காலியாகக் கிடந்தது. அங்கேதான் பழகினேன். கியர் வலது கைக்கு வந்துவிடுகிறது. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் மூன்றும் நம் ஊர் வரிசையேதான். இண்டிகேட்டர் இடது பக்கம், அதனால் திரும்ப நினைக்கும்போதெல்லாம் வைப்பர் ஆடும். அப்புறம் குடியிருப்புத் தெருக்களில் ஒரு சுற்று. பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்குத்தான் முதல் வழி. எவ்வளவு சின்ன சந்திலிருந்து வந்தாலும் சரி, அவர் நிற்க மாட்டார், நாம்தான் நிற்க வேண்டும். ஹார்ன் அடித்துப் புகுந்து பழகியவர்கள் படிக்க வேண்டிய முதல் பாடம் இது. மாலையில் ஆட்டோபானிலும் கொஞ்சம் ஓட்டினேன். ஞாயிறன்று கனரக லாரிகளுக்குத் தடை, பயந்தவர்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

திங்கள் விடிந்ததும் ஏ5 சாலையில் தெற்கே கிளம்பினோம். வலது லேனில் லாரிகள் எறும்பு வரிசையாகப் போயின. முந்துவது இடப்பக்கமாக மட்டுமே, முந்தியதும் வலதுக்குத் திரும்பிவிட வேண்டும். வேகவரம்பு இல்லாத பகுதிகளில் 130 என்பது பரிந்துரை, அவ்வளவுதான். கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்த கார் மறு நொடி முதுகில் நிற்கும், அதனால் லேன் மாறும்முன் இரண்டு முறை பார்ப்பேன். கார்ல்ஸ்ரூ தாண்டி ஓரிடத்தில் நெரிசல். வண்டிகள் நிற்பதற்கு முன்பே இடது லேன்காரர்கள் இடது ஓரத்துக்கும் மற்றவர்கள் வலதுக்கும் ஒதுங்கி, நடுவில் ஆம்புலன்ஸுக்கு வழி விட்டார்கள். சட்டமே அப்படி, ஆனால் நேரில் பார்க்கும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

எல்லை ஊரான பாசெல் தாண்டி சுவிட்சர்லாந்துக்குள் போனதும் 120தான் உச்சம், கேமராக்கள் தாராளம், அபராதமும் தாராளம். லூசெர்ன் ஏரிப்பக்கம் நான் மலையைப் பார்க்கவே இல்லை, சுரங்கத்துக்கு மேல் சுரங்கம். பெரியது காட்ஹார்ட், 16.9 கிலோமீட்டர், 1980இல் திறந்தது. ஒரே குழாய்க்குள் இரு திசைக்கும் ஒவ்வொரு லேன். 2001இல் இரண்டு லாரிகள் மோதித் தீப்பிடித்து 11 பேர் இறந்த இடம். அதற்குப் பிறகு லாரிகளை அளந்து அளந்துதான் உள்ளே விடுகிறார்கள், வார இறுதியிலும் விடுமுறையிலும் வாசலில் நீளமான வரிசை நிற்கும், நாங்கள் திங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் காரணம். உள்ளே 80க்கு மேல் கூடாது, போகப் போக வெப்பம் ஏறுகிறது, எதிர் வண்டியின் விளக்கு முகத்திலேயே அடிக்கிறது. கணவர் பேச்சை நிறுத்திவிட்டார். மறுமுனையில் ஐரோலோ, பலகைகள் எல்லாம் இத்தாலிய மொழிக்கு மாறியிருந்தன.

கியாஸோவில் எல்லை தாண்டினால் கோமோ வந்துவிடுகிறது. பழைய நகரத்துக்குள் அனுமதியில்லாத வண்டிகள் நுழையக் கூடாது, இத்தாலியில் பல ஊர்களில் இப்படி இசட்.டி.எல். என்று பலகை வைத்திருப்பார்கள், கேமராதான் காவல். அபராதம் மாதக்கணக்கில் கழித்து வரும், உங்கள் விவரத்தைக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் தனியாக ஒரு கட்டணமும் பிடிக்கும். நாங்கள் மதிலுக்கு வெளியே பார்க்கிங்கில் விட்டுவிட்டு, பெட்டிகளை உருட்டிக்கொண்டு நடந்தோம்.