உள்ளே கொசு, வெளியே நீர்யானை

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து வடக்கே காரில் மூன்று மணி நேரம் போனால் செயின்ட் லூசியா. 1999இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு அங்கே டென்ட் போட்டுத் தங்கலாம் என்று என் வீட்டுக்காரர் முடிவெடுத்தார். ஏரி, சதுப்பு, டிசம்பர் மாதத்துப் புழுக்கம். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன வரும் என்று கும்பகோணத்துக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் வீட்டில் ஒரு கும்பகோணத்துக்காரரும் இருந்தார். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார். பெட்டியைத் திறந்தால் ஊறுகாய், அப்பளம், நடுவில் துண்டில் சுற்றிய கொசு பேட். "ஆப்பிரிக்கா கொசு எந்த சைஸ்ல இருக்கும்னு யாரும்மா கண்டா?" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு அதில் கௌரவக் குறைச்சல். அவர் தன் பங்குக்கு மருந்துக்கடையில் ஸ்பிரே, ரோல்-ஆன், கையில் கட்டும் பட்டை, எலுமிச்சை வாசனை மெழுகுவத்தி எல்லாம் வாங்கினார். மலேரியா பயம் பெரும்பாலும் இன்னும் வடக்கே, மொசாம்பிக் எல்லைப் பக்கம்தான் என்று கடைக்காரப் பெண் சொன்னாள். முழுக்கைச் சட்டை போட்டு, டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த ஸ்பிரே அடித்துக்கொண்டால் போதுமாம். அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கொரு ஆயுதத்தோடு காரில் ஏறினார்கள். நடுவில் நான் புளிசாதத்தோடு.

பகல் பிரமாதம். அதை விட்டுவிடுகிறேன்.

பொழுது சாய்ந்ததும் பிராய் அடுப்பு, அதாவது வெட்டவெளியில் வைத்துச் சுடுகிற கரி அடுப்பு, மூட்டினோம். அதற்காகவே காத்திருந்த மாதிரி வந்து இறங்கின. பெண் கொசுதான் கடிக்கும், முட்டை வைக்க அதற்கு ரத்தம் வேண்டும், நாம் விடுகிற மூச்சுக்காற்றை மோப்பம் பிடித்துத்தான் வரும் என்று என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒப்பித்தாள். உடனே சின்னவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மாமா யோசித்துவிட்டு, "அப்படின்னா உங்கப்பன்தான் காலியாகணும், அவன்தானே வாயை மூடாம பேசறான்" என்றார்.

பக்கத்து டென்ட்டில் டர்பனில் நம்மவர்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த் பகுதிக் குடும்பம். அந்த ஆன்ட்டி செருப்புகூடப் போடாமல் நிம்மதியாகச் சுட்ட சோளம் தின்றுகொண்டிருந்தார். என்ன தடவியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, காற்று வருகிற பக்கம் உட்கார் என்றார். எங்கள் ஆட்கள் கேட்டால்தானே! மெழுகுவத்தி அணைந்துவிடும் என்று காற்றுப் படாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

ராத்திரி டென்ட்டுக்குள் டார்ச் அடித்தால், கூரைத் துணி முழுக்கப் புள்ளிப் புள்ளியாகக் கொசு. யார் ஜிப்பை மூடாமல் விட்டது என்ற விசாரணை இன்றுவரை முடியவில்லை. மாமா நிதானமாகத் துண்டை விரித்துப் பேட்டை எடுத்தார். பட். பட். ஒவ்வொன்றுக்கும் ஒரு நீலப் பொறி, கொஞ்சம் கருகல் வாசனை. "இதுவும் போச்சு" என்று சின்னவன் கணக்கு வைத்தான்.

அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம். சரக், சரக் என்று யாரோ புல்லைப் பிடுங்குகிற மாதிரி. நடுவில் ஒரு பெருமூச்சு. இரவில் நீர்யானை வரும், வெளியே நடமாடாதீர்கள் என்று போர்டு வைத்திருந்ததைக் காலையில் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டிருந்தோம். இந்த ஏரியில் மட்டும் 800க்கு மேல் இருக்கின்றன என்று பெருமையாகச் சொன்ன என் வீட்டுக்காரர் இப்போது போர்வைக்குள் இருந்தார்.

"அப்பா, பேட்டை அடிக்காதீங்க. அதுக்குக் கேட்டுடும்."

"கடிக்குதேடா!"

"கடிச்சா கடிக்கட்டும்பா!"

மாமா வலை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "நம்மூர் எருமை மாதிரிதான்டா சாதுவா மேயுது. யானைக்காலையே பார்த்த ஊர்க்காரன் நான், நீர்யானைக்கா பயப்படுவேன்?" என்று கிசுகிசுத்தார். கிசுகிசுத்தார் என்பதைக் கவனிக்கவும்.

மகள் விடவில்லை. மலேரியாவால் மட்டும் உலகத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 6 லட்சம் பேர் சாகிறார்களாம். அதனால் வெளியே நிற்பதைவிட உள்ளே பறப்பதுதான் ஆபத்தானதாம். நியாயமான பேச்சுதான். ஆனால் ஒன்றரை டன் உருவம் ஒரு துணிச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று மென்றுகொண்டிருக்கும்போது புள்ளிவிவரம் ஏறுமா? அசையாமல் படுத்துக் கடி வாங்கினோம். என் நெற்றியில் ஒன்று உட்கார்ந்து, இடம் பிடிக்காமல் எழுந்து, கன்னத்துக்கு வந்து சாவகாசமாகக் குடித்தது. கையைத் தூக்கவே இல்லை நான்.

சத்தம் நகர்ந்து போன பிறகுதான் ஆன்ட்டி சொன்னது உறைத்தது. பிராய் கரியை ஊதக் கொண்டுவந்த பேட்டரி ஃபேனை எடுத்து எல்லோர் மேலும் படும்படி கால்மாட்டில் வைத்தேன். கொசுவுக்குப் பறக்கிற பலம் கம்மி, அந்தக் காற்றை எதிர்த்து வர முடியவில்லை. பேட்டரி இருந்தவரை தூங்கினோம்.

காலையில் மாமா ஊருக்குப் போன் போட்டார். அத்தையிடம் நீர்யானையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஆப்பிரிக்கா, ஆப்பிரிக்கான்னு என்னமோ சொன்னாங்க. நம்ம மகாமகக் குளத்துக் கொசுவுல பாதிகூடத் தேறாதுடி" என்று சொல்லிக்கொண்டே முழங்கையைச் சொறிந்தார்.