ஆடும் சிலிண்டர் நீராவி எஞ்சின்: காற்றில் ஓடியதை ஆவியில் ஓட வைத்தது

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடித் தகரக் கொட்டகைதான் பட்டறை. பெஞ்ச் டிரில், வைஸ், அரங்கள் இருக்கின்றன. லேத் கிடையாது; கடைசல் வேலையெல்லாம் ராணிப்பேட்டையில் தெரிந்த அண்ணன் ஒருவரின் பட்டறையில் நடக்கும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து சேர்ந்தது அங்கே பக்கத்திலுள்ள வாலாஜா ரோட்டுக்குத்தான். நீராவி எஞ்சின் செய்ய இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

நான் செய்வது ஆடும் சிலிண்டர் வகை. இதற்குத் தனி வால்வு வேண்டாம். சிலிண்டரே ஒரு பின்னைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆடும். அதிலுள்ள துளை ஒரு பக்கம் சாயும்போது ஆவி வரும் துளையோடும், மறுபக்கம் சாயும்போது வெளியேறும் துளையோடும் சேரும். உள்விட்டம் 12 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முறை நகரும் தூரம்) 20 மி.மீ.

துளைகளின் இடத்தைக் கண்மதிப்பில் வைக்கவே கூடாது. கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் கை) ஆரம் 10 மி.மீ., கிராங்க் மையத்திலிருந்து சிலிண்டர் ஆடும் பின்னுக்கு 50. 10-ஐ 50-ஆல் வகுத்தால் 0.2; சிலிண்டர் சாயும் விகிதம் இது. பின்னிலிருந்து சிலிண்டர் துளைக்கு 15. அதை 0.2-ஆல் பெருக்கினால் 3. ஆக, சிலிண்டர் உரசியபடி ஆடும் அசையாத கட்டையில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 3 மி.மீ. தள்ளி ஒவ்வொரு துளை. துளையின் விட்டமும் 3-க்குக் குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சிலிண்டர் நடுவில் நிற்கும் கணத்தில் ஆவி வேலை செய்யாமலே நேராக வெளியே ஓடிவிடும். 2.5-ஆகப் போட்டேன்.

பித்தளைச் சிலிண்டருக்கு ஸ்டீல் பிஸ்டன். அலுமினியம் பித்தளையைவிட அதிகமாக விரியும், சூடேறியதும் இறுகிக்கொள்ளும். "மொதல்ல ரீமர் போட்டுக்கலாம் தம்பி, அந்த ஓட்டைக்கு ஏத்த மாதிரி பிஸ்டனைக் கடைஞ்சிக்கலாம்" என்றார் அண்ணன். (ரீமர் என்பது துளையை வழுவழுப்பாக, சரியான அளவுக்குக் கொண்டுவரும் கருவி.) அப்படியே செய்தார்; விரலால் துளையை மூடினால் பிஸ்டன் காற்றில் மிதந்து நிற்கிறது.

கம்ப்ரஸர் காற்றில் எஞ்சின் அருமையாக ஓடியது. ஆவியைத் திறந்தால் தண்ணீரைத் துப்பிவிட்டு, சில சுற்றிலேயே நின்றது.

இதே தொல்லையைப் பார்த்தவர் ஜேம்ஸ் வாட். 1763-64 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் நியூகோமன் எஞ்சினின் (வாட்டுக்கு முந்தைய நீராவி எஞ்சின்) சிறிய மாதிரி ஒன்றைப் பழுது பார்த்தார். அதுவும் கொஞ்சம் ஓடி ஆவி தீர்ந்து நிற்கும். சிலிண்டர் சிறுத்தால், உள்ளே அடங்கும் ஆவியின் அளவுக்கு அதைச் சுற்றியுள்ள உலோகப் பரப்பு அதிகமாகிவிடுகிறது. ஆவி சுவரில் பட்டே குளிர்ந்து தண்ணீராகிறது. அந்தக் கவலைதான் 1765-இல் தனிக் குளிர்கலம் (ஆவியைச் சிலிண்டருக்கு வெளியே குளிர வைக்கும் கலம்) என்ற யோசனைக்கும், 1769 காப்புரிமைக்கும் போய்ச் சேர்ந்தது. எனவே தீயைக் கூட்டுவதை விட்டுவிட்டு, வந்த ஆவியைக் காப்பாற்றுவதில் இறங்கினேன்.

முதலில் சிலிண்டரும் கட்டையும் உரசும் இரண்டு முகங்கள். கண்ணாடி மேல் 1000 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி, 8 வடிவில் தேய்த்தேன். மார்க்கிங் ப்ளூ (எங்கே தொடுகிறது என்று காட்டும் நீல மை) தடவி ஒட்டிப் பார்த்தால் பின் செருகும் துளையைச் சுற்றித்தான் நீலம் ஒட்டியது, துளைகளின் ஓரம் வெறுமையாக இருந்தது. பின்னைச் சுற்றிப் பெரிய டிரில்லால் லேசாகப் பள்ளம் எடுத்துவிட்டு மறுபடி தேய்த்தபோது துளைகளைச் சுற்றி முழு நீல வளையம் விழுந்தது. அதன்பின் சிலிண்டரைக் கட்டையோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்த முடிந்தது. உராய்வு நன்றாகவே குறைந்தது.

அப்புறம் போர்வை. மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் கண்ணாடி நார் ஸ்லீவை ஆவிக்குழாய் மேல் கோத்தேன். சிலிண்டருக்கு மெல்லிய தேக்குச் சீவல்கள், மேலே பித்தளைப் பட்டை. இப்போது ஓட்டத் தொடங்கும் முன் ஃப்ளைவீலைக் கையால் சுற்றிச் சுற்றி, தண்ணீரை வெளியேற்றிச் சிலிண்டரைச் சூடாக்கிக்கொள்கிறேன். முன்பு 2 கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தத்திலும் தடுமாறிய எஞ்சின் இப்போது 1 கிலோவிலேயே சீராகச் சுற்றுகிறது.

பாய்லர் 54 மி.மீ. தாமிரக் குழாய், முனைத் தகடுகள் வெள்ளி ராடால் பற்றவைத்தவை. ஈயப்பற்று இங்கே ஆகாது. 2 கிலோவில் ஆவியின் சூடு சுமார் 133 டிகிரிதான், ஆனால் தண்ணீர் வற்றினால் தகட்டின் சூடு ஈயம் உருகும் அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். காற்றில்லாமல் தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் 4 கிலோ வரை ஏற்றி நிறுத்திப் பார்த்த பிறகுதான் விளக்கைக் கொளுத்தினேன். தண்ணீர் அவ்வளவாக அமுங்காது, இணைப்பு விட்டாலும் கசிவோடு போகும். இதைச் செய்யாமல் யாரும் பாய்லரில் தீ வைக்காதீர்கள், தயவுசெய்து.

கடைசியாக ஆவிக்குழாயில் சேர்த்தது எண்ணெய்க் கிண்ணம். அதற்குள் நுழையும் ஆவி தண்ணீராகி அடியில் இறங்கும், எண்ணெய் மேலே எழும்பிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயில் கலக்கும். கெட்டியான ஸ்டீம் சிலிண்டர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். சாதாரண எஞ்சின் ஆயிலை ஈர ஆவி கழுவிவிடும். அடுத்தது ஸ்லைடு வால்வு (சறுக்கி நகர்ந்து ஆவியைத் திருப்பும் வால்வு) வைத்த, பிஸ்டனின் இருபக்கமும் ஆவி தள்ளும் எஞ்சின். அதற்கான கன்மெட்டல் (ஒரு வெண்கல வகை) துண்டு ராணிப்பேட்டைக்குப் போயாயிற்று.