பெல்ட், பர்ஸ், கோயில் வாசல்

பூரி ஜெகந்நாதர் கோயிலுக்குக் கிளம்புகிறவர்கள் செல்போன் விஷயத்தில் உஷாராக இருப்பார்கள். அதை அறையிலேயே வைத்துவிட்டு வருவார்கள். மாட்டிக்கொள்வது இடுப்பில் கட்டிய தோல் பெல்ட்டில்தான். அந்தக் கோயிலுக்குள் தோல் பொருள் எதுவும் போகக் கூடாது. செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, சிங்க வாசல் சோதனையில் பெல்ட் தெரியவந்தால் திரும்பப் போய் முதலிலிருந்து நிற்க வேண்டியதுதான்.

நம் ஊர்க் கோயில்களில் பெரும்பாலும் பெல்ட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பழக்கம் அப்படி, அதனால்தான் வெளியூரில் இந்தத் தடுமாற்றம். வைஷ்ணோ தேவி குகைக்குள் தோல் பெல்ட்டும் பர்ஸும் கூடாது. அடிவார ஊரான கட்ராவிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் ஏறிப்போய் அங்கே லாக்கர் தேடுவதைவிடக் கீழே அறையிலேயே வைத்துவிட்டு ஏறுவது மேல். எல்லோரா பக்கத்து கிரிஷ்ணேஸ்வர் ஜோதிர்லிங்கத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்றினால்தான் கருவறைக்குள் போகலாம். சட்டையோடு பெல்ட், பர்ஸையும் வெளியே விட்டுவிட வேண்டும். அபு மலையின் தில்வாரா சமணக் கோயில்களிலும் தோலுக்குத் தடை உண்டு. ஆனால் அங்கே சொல்லப்படும் காரணம் கொல்லாமை. இந்துக் கோயில்களில் அது தீட்டுக் கணக்கு, அதாவது செத்த உடலின் மிச்சம் என்பது. கொல்லாமைக்காகத் தோலை விடுகிறவர்கள் பட்டுப்புடவையையும் யோசிக்க வேண்டியிருக்கும். கூட்டைப் புழுவோடு சேர்த்துச் சூடேற்றித்தானே வழக்கமான பட்டு வருகிறது.

வைணவ மரபில், கோயிலில் செய்யக் கூடாத அபராதங்கள் 32 என்று ஒரு பட்டியல் உண்டு. வாகனம் ஏறியோ பாதுகை அணிந்தோ பெருமாள் சன்னிதிக்குள் போவது அதில் ஒன்று. குற்றம் காலணிக்குத்தான், அது தோலா, ரப்பரா, மரக்கட்டையா என்று அங்கே பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே "இது வெறும் ஹவாய் செருப்புதானே" என்று மண்டபம் வரை போவதற்கு எந்த ஆதரவும் இல்லை. பெல்ட்டும் பர்ஸும் அப்படியல்ல, கோயிலுக்குக் கோயில் மாறுகிற வழக்கம்.

கோயிலுக்குள் தோல் போகலாமா என்ற கேள்வியோடு போய்ப் பார்க்க வேண்டிய ஊர் ஒன்று உண்டென்றால் அது திருப்புன்கூர். வைத்தீஸ்வரன்கோயிலிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர்தான். சிவலோகநாதர் சன்னிதிக்கு நேரே இருக்க வேண்டிய பெரிய நந்தி ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். சாதியால் உள்ளே போக முடியாமல் வெளியே நின்ற நந்தனாருக்குச் சுவாமி தெரியட்டும் என்று விலகிய நந்தி அது. அந்த நந்தனார் கோயில்களுக்குக் கொடுத்து வந்தது என்ன என்று பெரியபுராணம் தெளிவாகவே சொல்கிறது: பேரிகை முதலான கருவிகளுக்குப் போர்வைத் தோல், இழுத்துக் கட்டும் விசிவார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, அர்ச்சனைக்குக் கோரோசனை. அவர் கொடுத்த தோல் உள்ளே போனது, அவர் போக முடியவில்லை. மதுரை மீனாட்சி கோயிலில் தாழ்த்தப்பட்டோரின் ஆலயப் பிரவேசம் நடக்க 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்றைக்கும் சாயரட்சையில் தவில் முழங்கினால் அது பலா மரத்தில் இழுத்துக் கட்டிய ஆட்டுத் தோலும் எருமைத் தோலும்தான். உபநயனத்தில் பூணூலோடு சேர்த்துக் கட்டுகிற மான் தோல் துண்டும், சுவாமிக்கு வீசுகிற கவரிமாட்டு முடிச் சாமரமும் விலங்கிலிருந்து வந்தவையே. தோல் என்றாலே தீட்டு என்று அடுத்தவர் இடுப்பைப் பார்த்து முகம் சுளிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தடை உள்ள இடத்தில் தர்க்கம் பேசாமல் கழற்றிவிட வேண்டும். தடை இல்லாத இடத்தில் அது அவரவர் மனசு. இருந்தாலும் கோயில் பயணத்துக்குத் தோலை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள் என்றே சொல்வேன். பக்தியைவிடச் சௌகரியம்தான் இதற்குப் பெரிய காரணம்.

பெல்ட்டையும் பர்ஸையும் எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள். மறப்பது சில்லறைச் சாமான்களை: வாட்ச் பட்டை, சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி உறை, கேமரா வார், கைப்பையின் பிடி, தாயத்தைக் கோத்த தோல் கயிறு. ஜீன்ஸின் பின்னிடுப்பில் பிராண்டு பெயர் பொறித்த பட்டை சிலவற்றில் நிஜத் தோல், பலவற்றில் அழுத்திய காகிதம். அதை யாரும் சோதிக்கப்போவதில்லை. மனசு உறுத்தினால் பிளேடு நுனியால் நாலு பக்கத் தையலைப் பிரித்து எடுத்துவிடலாம்.

தோலா ரெக்சினா என்று தெரியவில்லையென்றால் பெல்ட்டின் ஓட்டையை வெளிச்சத்தில் பாருங்கள். தோல் என்றால் உள்விளிம்பு நார் நாராக, சொரசொரப்பாக இருக்கும். ரெக்சினில் மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம், அடியில் துணி என்று இரண்டு அடுக்கு தெரியும். ஓரங்களுக்குச் சாயம் பூசி மறைத்திருப்பார்கள், அதனால்தான் ஓட்டையைப் பார்க்கச் சொல்கிறேன். தண்ணீர் சொட்டு விட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம். பாலிஷ் ஏற்றிய தோலும் தண்ணீரை உறிஞ்சாது. ஷூவில் சின்னம் அச்சிட்டிருந்தால் வேலை சுலபம்: விரித்த தோல் வடிவம் என்றால் தோல், வலை வடிவம் துணி, வெறும் சாய்சதுரம் என்றால் தோலும் துணியும் அல்லாத வேறு பொருள். தோல் வடிவத்துக்கு நடுவே சாய்சதுரம் இருந்தால் அது மேல்பூச்சு போட்ட தோல்.

ரெக்சின் பெல்ட்டும் பார்வைக்குத் தோல் போலவே இருக்கும். வாசலில் நிற்பவருக்கு ஓட்டையைக் காட்டி விளக்க முடியாது, கழற்றச் சொன்னால் கழற்ற வேண்டியதுதான். கேன்வாஸ் துணி பெல்ட் என்றால் பார்த்ததுமே தெரிந்துவிடும். அதைவிட நல்லது வேட்டி. பெரியவர்கள் வேட்டி மேல் கட்டுகிற பை வைத்த பச்சை பெல்ட்டில் சில இடங்களில் தோல் தைத்திருக்கும், அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். பேண்ட்தான் என்றால் இடுப்பில் நாடாவோ எலாஸ்டிக்கோ உள்ளதாக இருக்கட்டும். பெல்ட் இல்லாமல் நிற்காத பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் அர்ச்சனைத் தட்டோடு நமஸ்காரம் செய்வது கொடுமை.

பணத்துக்குச் சுருக்குப் பை போதும். கிளம்பும் முன்பே பர்ஸிலிருந்து ஆதார் அட்டை, தரிசன டிக்கெட், அன்றைக்குத் தேவையான பணம் மூன்றையும் பைக்கு மாற்றிவிடுங்கள். உண்டியலுக்கும் தட்டுக்கும் பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் மேலே இருக்கட்டும். குருவாயூர் போல ஆண்கள் சட்டை இல்லாமல் போக வேண்டிய கோயில்களில் பாக்கெட்டே கிடையாது. பையை வேட்டி மடிப்பில் செருகிக்கொள்ளலாம்.

ராமேஸ்வரத்தில் தோல் கூடாது என்பதற்குக் காரணம் வேறு, அங்கே தண்ணீர். 22 தீர்த்தமும் ஆடும்போது வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். நனைந்த பெல்ட்டின் சாயம் வெள்ளை வேட்டியில் இறங்கினால் எளிதில் போகாது. வெயிலில் காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், நிழலில்தான் காய வேண்டும். நீராடி முடித்து ஈரத்துணி மாற்றித்தான் சுவாமி சன்னிதிக்குப் போக வேண்டும் என்பதால், மாற்றுத் துணிப் பையிலேயே பணத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

காலணிக்கு மலிவான ரப்பர் செருப்புதான் சரி. லேஸ் கட்டிய தோல் ஷூவைக் கழற்றி மாட்ட நேரம் பிடிக்கும், வெயிலில் கிடந்தால் சுருங்கும், திருட்டுப் போனால் வயிறு எரியும். காப்பகம் இல்லாத இடங்களில் இடது செருப்பை ஓரிடத்திலும் வலதை இன்னோரிடத்திலும் விடுகிற கெட்டிக்காரர்கள் உண்டு. திரும்பி வந்து இரண்டையும் தேடும் பொறுமை இருந்தால் அதுவும் சரிதான். நாலு கோபுரம் உள்ள கோயிலில், செருப்பு விட்ட வாசலின் திசையை டோக்கன் வாங்கும்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். தெற்கில் விட்டுவிட்டு வடக்கில் வெளியே வந்தால், மதிய வெயிலில் கொதிக்கும் கல் தரையில் வெறுங்காலோடு கோயிலை அரைச் சுற்று சுற்ற வேண்டும்.